ஒன்பது அங்குலத்துக்குள் ஒரு பயம்!

போன் அலறியது!

மத்தியானம் ஒன்றரை மணி. சாத்தூரில், சப்-இன்ஸ்பெக்டர் ஓவியா அப்போதுதான் சோற்றில் ரசத்தை ஊற்றியிருந்தாள்.

"மேடம்! நான் ஏட்டு பேசுறேன். அச்சங்குளம் ரோட்டுல பட்டாசு ஆலை... போர்மேன் காசிராஜனைக் குத்திப் போட்டிருக்காங்க! இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டார். நீங்களும் வந்துருங்க. பொம்பளைங்களைச் சோதனை போட ஆள் இல்ல!"

"வர்றேன்."

கை கழுவக்கூட நேரமில்லை. தோள்பையை எடுத்தாள்.

கனத்தது.

உள்ளே கை விட்டாள். மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால்... கத்தி!

"அத்தை!"

மாமியார் செல்லக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

"எதுக்குத் தாயி கத்துறே? மூணு மாசம் உனக்கு. உச்சி வெயில்ல காட்டுப்பக்கம் போறே. ஒரு இரும்பு கையில இருந்தா எதுவும் அண்டாது."

"போலீஸ்காரி பையில கத்தியா? ஊர்க்காரன் வச்சிருந்தா பிடிக்கிறதே நான்தான்!"

"அவன் மனுசனைக் குத்த வச்சிருப்பான். இது குத்துறதுக்கில்ல. சும்மா இருக்கிறதுக்கு."

ஓவியா சிரித்துவிட்டாள். கத்தியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் செல்லக்கனி பையில் ஒரு தயிர்சாத டப்பாவைத் திணித்து ஜிப்பை இழுத்திருந்தாள்.

"அதையாச்சும் சாப்பிடு."

ஜீப் சீறியது.

* * *

கரிசல் காட்டின் நடுவே முள்கம்பி வேலி. உள்ளே, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வெள்ளை ஷெட்டுகள். நடுவில் ஒரே ஒரு வேப்பமரம்.

வாசலில் ஒரு பெண்மணி கை நீட்டி மறித்தாள். முக்காடு. நெற்றியில் வியர்வை.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நான் கைருன்னிசா. கேட்டுல சோதனை போடுறவ. போலீசா இருந்தாலும் போனு, சாவிக்கொத்து, ஆணி அடிச்ச ஷூ எல்லாத்தையும் இங்கன வச்சிட்டுத்தான் உள்ள போகணும். ஒரு உரசல் போதும். எல்லாருமே போய்ச் சேர்ந்துருவோம்."

ஓவியா ஷூவைக் கழற்றினாள். போனைக் கொடுத்தாள்.

"பையைப் பாக்கலையா?"

"போலீஸ்காரவுக பையை நான் தடவவா? நல்லாருக்கே!" கைருன்னிசா சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"எந்த ஷெட்ல?"

"பதினொண்ணு."

சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வெறுங்காலில் சுடுமண்ணில் நடந்தாள் ஓவியா. எல்லா ஷெட்டுகளுக்கும் கடைசியில், தனியாக நின்றது பதினொன்று. சுவரில் இன்னும் கருகல். கதவில் இரண்டு வருடத்துக்கு முந்தைய அரசாங்க முத்திரை, அரக்கு உடையாமல்.

கதவின் காலடியில் காசிராஜன். வயது ஐம்பது இருக்கும். மார்பில் ஒரே குத்து.

தலைமாட்டில் ஒரு முழம் மல்லிகைப்பூ!

வேப்பமரத்தடியில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஓயாமல் ஒன்றையே சொன்னாள்.

"பொன்னுத்தங்கம் வந்துட்டா... பொன்னுத்தங்கம் வந்துட்டா..."

"யார் பொன்னுத்தங்கம்?"

பதில் சொன்னது இன்ஸ்பெக்டர் சீனிவாசகம். நரைத்த மீசை, பெருத்த தொந்தி. எந்த வழக்கையும் சாயங்காலக் காபிக்குள் முடித்துவிடத் துடிக்கும் மனிதர்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்த ஷெட் வெடிச்சுது. பொன்னுத்தங்கம்னு ஒருத்தி போயிட்டா. கிடைச்சது அவ போட்டிருந்த பச்சைக் கண்ணாடி வளையலோட சில்லு மட்டும்தான். அதுல இருந்து பூட்டின ஷெட்டுக்குள்ள இருமல் சத்தம் கேக்குதாம். வாசல்ல மல்லிகைப்பூ கிடக்குதாம். சுத்தப் பைத்தியக்காரத்தனம்!"

ஓவியா குனிந்து பிணத்தைப் பார்த்தாள். இரத்தம் மார்பில் மட்டும்தான். தரையில் ஒரு சொட்டு இல்லை.

வேறெங்கோ குத்தி இங்கே போட்டிருக்கிறார்கள்.

பிறகு அவள் கண் பாதங்களுக்குப் போனது.

காசிராஜனின் உள்ளங்கால் இரண்டும் வெள்ளி பூசினாற்போல் மினுமினுத்தன!

அப்போதுதான் கேட்டது.

கிளிங்...

பூட்டிய கதவுக்குப் பின்னால். கண்ணாடி வளையல் இரண்டு, ஒன்றோடொன்று உரசியது போல.



"சார்... கேட்டீங்களா?"

"என்னது?"

"வளையல்..."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு மூணு மாசம்ல? போய் நிழல்ல உக்காரும்மா."

ஓவியா வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு பெண்கள். அறுபத்திரண்டு கைகள்.

ஒரு கையில்கூடக் கண்ணாடி வளையல் இல்லை.

* * *

கொலைக் கருவி பத்தே நிமிடத்தில் கிடைத்தது.

நாலாம் ஷெட் வாசலிலிருந்த தண்ணீர்த் தொட்டியில், அடியில். பித்தளைக் கத்தி. பட்டாசுத் திரி வெட்டுவது. இரும்பு பொறி கிளப்பும் என்பதால் ஆலைக்குள் எல்லாமே பித்தளையும் மரமும்தான்.

நுனி வளைந்திருந்தது. பிடியில் ஓர் எண் கீறியிருந்தது.

14.

"யாரு பதினாலு?" இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார்.

மரத்தடியில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். இருபத்து நாலு வயது. ஒல்லி. கண்ணில் மிரட்சி.

"என்... என் கத்திதான் சார். அனுப்பிரியா."

"காலையில போர்மேன்கூடச் சண்டை போட்டியாமே?"

"சண்டை இல்ல சார். அவர்தான் வைதாரு."

"எதுக்கு?"

அவள் முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

"ஓவியா! சோதனை போடு!"

மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போனாள் ஓவியா. அனுப்பிரியாவின் ரவிக்கை முன்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வை இல்லை.

"பால் கட்டியிருக்கா?"

அனுப்பிரியா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அஞ்சு மாசம் மேடம் பிள்ளைக்கு. தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடிக்கமாட்டான். பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன். நாலு மணிக்கெல்லாம் போயிருவேன் தினமும்..."

ஓவியாவின் கை அவள் இடுப்பில் தட்டியது.

பாவாடை நாடாவில் செருகியிருந்தது ஒரு கத்தி. இரும்பு! காய் நறுக்குகிற கத்தி.

"இது எதுக்கு?"

"பச்ச உடம்புக்காரி மேடம் நான்... பொன்னுத்தங்கம் பிள்ளை இல்லாமச் செத்தவ. பிள்ளை பெத்தவளைத்தான் முதல்ல பிடிப்பாளாம். ஒரு இரும்பு இருந்தா..."

செல்லக்கனியின் குரல் ஓவியாவின் காதில் கேட்டது. எதுவும் அண்டாது.

"போர்மேன் வைதது இதுக்குத்தானா?"

"ஆமா. 'இதைக் கொண்டுபோய் வெளிய வச்சிட்டு வா, எல்லாரையும் கொன்னுராதே'ன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்."

வெளியே இன்ஸ்பெக்டருக்குக் கத்தியைப் பார்த்ததும் மீசை துள்ளியது.

"பார்த்தியா! ஒரு கத்தி இடுப்புல... இன்னொண்ணு கையில! மறைச்சு வச்ச ஆயுதம்! ஆயுதச் சட்டத்துல ஒரு கேஸ், கொலையில ஒரு கேஸ். பொழுது சாயுறதுக்கு முந்தி அரெஸ்ட் காட்டிரு. பொம்பளை. சூரியன் விழுந்துட்டா நமக்குத் தலைவலி."

"சார், ஒரு நிமிஷம்."

ஓவியா பையின் பக்கவாட்டிலிருந்து மர ஸ்கேலை எடுத்தாள். கத்தியை அளந்தாள்.

"அலகு நீளம் அஞ்சரை அங்குலம். அகலம் ஒண்ணேகால். சட்டம் சொல்றது ஒன்பது அங்குல நீளம், இல்லேன்னா ரெண்டு அங்குல அகலம். அதைத் தாண்டினாத்தான் லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கக் கூடாது. அதுலயும் வீட்டுக் கத்திக்கு விலக்கு இருக்கு. இதை இடுப்புல செருகிட்டு இவ பஜார் பூரா நடந்தாலும் ஆயுதச் சட்டத்துல கேஸ் நிக்காது சார்."

"அப்போ தப்பே இல்லேங்கிறியா?"

"இங்கன உள்ள கொண்டுவந்தது பெரிய தப்பு. ரோட்டுல ஒண்ணுமில்லாத கத்தி, இந்த வேலிக்குள்ள வெடிகுண்டு. ஆனா அது வேற சட்டம்... கொலை இல்ல."

"சரி. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டப்ப இவ எங்க போனா? மரத்தடியில இல்லையாமே!"

அனுப்பிரியா தரையைப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்தாள்.

"மறைவாப் போய்... பால் பீச்சிட்டு வந்தேன் சார். நெஞ்சு வலி தாங்கல."

"சாட்சி?"

"அதுக்கு யாரைச் சார் கூட்டிட்டுப் போவாக?"

மரத்தடியில் ஒரு கிழவி குரல் கொடுத்தாள்: "அடுத்த தடவை ஏட்டையாவைக் கூப்பிட்டுக்கிடுவோம்!"

அழுகைக்கு நடுவே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு ஜீப்ல ஏத்துறேன். அதுக்குள்ள வேற ஆளைக் கொண்டு வா... இல்ல, பேயைக் கொண்டு வா!"

மணி மூன்று.

* * *

எல்லாப் பெண்களையும் சோதனை போட்டு முடித்தபோது ஓவியாவுக்குத் தலை சுற்றியது.

கொசுவத்தில் ஆணி. கொண்டையில் ஊசி. சுருக்குப்பையில் பழைய பூட்டு. முந்தானை முடிச்சில் லாடத் துண்டு. அரிவாள்மனையின் உடைந்த நுனி.

முப்பத்தொரு பெண்கள். முப்பத்தொரு பேரிடமும் இரும்பு!

பட்டாசு ஆலைக்குள்!

"ஏட்டையா, ஆம்பளைங்க?"

"ஒன்பது பேர் மேடம். அரைஞாண்ல சாவி, தாயத்துக்குள்ள ஆணி... ஒருத்தன் பாக்கி இல்ல. மீசையைப் பார்த்தா அருவா மாதிரி இருக்கு. இடுப்புல குண்டூசி!"

ஓவியா வாசலுக்கு விரைந்தாள்.

"கைருன்னிசாக்கா! இதையெல்லாம் எப்படி உள்ள விட்டீக?"

கைருன்னிசா முக்காட்டுக்குள் கை விட்டாள்.

பாக்குவெட்டி!

"நானே வச்சிருக்கேன்மா. அவளுகளை எந்த மொகத்தோட தடுப்பேன்? தீப்பெட்டி, போனு... அம்புட்டையும் பிடுங்கிருவேன். இதை மட்டும் தொட்டுட்டுத் தொடாத மாதிரி விட்டுருவேன். ஜின்னோ, பேயோ... அந்த இருமலை நான் என் காதால கேட்டிருக்கேன். வறட்டு இருமல். பட்டாசு மருந்து நெடியில இருமுவாளே பொன்னுத்தங்கம், அதே இருமல்!"

"காசிராஜன்?"

"அவரும்தான். ரெண்டு வருசமா விரல்ல இரும்பு மோதிரம். ஆனா..."



"ஆனா?"

"சொன்னா என் வேலை போயிரும்மா."

"சொல்லலைன்னா ஒரு பிள்ளை பாலில்லாமக் கத்தும்கா."

கைருன்னிசா கண்ணைத் துடைத்தாள். மேஜைக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். அதற்குள் தேய்ந்த இரும்பு மோதிரம்.

"காலையில வந்தாரு. மோதிரத்தைக் கழட்டி என்கிட்டக் குடுத்தாரு. சிரிச்சாரு. 'இனி இது வேண்டாம் கைருன்னிசா. ஒரு மணி சாப்பாட்டு நேரத்துல எல்லாரையும் கூப்பிட்டுப் பதினொண்ணாம் ஷெட்டைத் திறந்து காட்டப் போறேன். நாளையில இருந்து ஒருத்தியும் இரும்பு கொண்டுவரமாட்டா'ன்னாரு. முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்னும் சொன்னாரு..."

ஓவியா மோதிரத்தையே பார்த்தாள்.

பேய்க்குப் பயந்தவன் இரும்பு வைத்திருப்பான். பேயே இல்லை என்று தெரிந்துகொண்டவன் அதைக் கழற்றி வைப்பான்.

காசிராஜனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் கொன்றவனுக்கு?

இடுப்பில் நல்ல இரும்புக் கத்தி இருக்கிறபோது, சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் போட்டுவிட்டுப் போன, திரி வெட்டுகிற மொண்ணைப் பித்தளையை யார் தேடிப் போவார்கள்?

இரும்பே இல்லாதவன்!

"அக்கா... முதலாளி எங்க?"

* * *

குத்தகைக்கு ஆலை நடத்தும் சண்முகவேல் மரத்தடி நாற்காலியில் அமர்ந்து தலையில் கை வைத்திருந்தார். நாற்பது வயது. தும்பை வெள்ளைச் சட்டை. மத்தியான வெயிலிலும் கடை மடிப்புக் கலையாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"காசி என் கூடப் பிறக்காத அண்ணன்மா... இந்த ஆலையே அவர் கையிலதான் இருந்துச்சு..."

"வாங்க முதலாளி. பதினொண்ணாம் ஷெட் வரைக்கும் ஒரு நடை."

"அங்கனயா? வேண்டாம்மா. எனக்கே பயம். பொன்னுத்தங்கம் போனதுல இருந்து ரெண்டு வருசமா நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

"நாங்க இத்தனை பேர் இருக்கோம். வாங்க."

இன்ஸ்பெக்டரும் கூடவே வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் அனுப்பிரியாவின் இரும்புக் கத்தி.

"சார், அதை கேட்டுல வச்சிட்டு வாங்களேன்."

"இது சான்று, ஓவியா. என் கையை விட்டுப் போகாது!"

மற்றவர்கள் எட்ட நின்றார்கள். அனுப்பிரியா ஏட்டின் பக்கத்தில். மணி நாலரை. அவள் ரவிக்கையின் ஈரம் முந்தானையையும் நனைத்திருந்தது.

ஓவியா திரும்பினாள்.

"முதலாளி, உங்களுக்குப் பேய் பயம் உண்டுதானே?"

"இல்லாம? யாருக்குத்தான் இல்ல?"

"அப்ப உங்க இரும்பு எங்க?"

"எ... என்னது?"

"இங்க வேலை செய்ற நாப்பது பேர்கிட்டயும் இரும்பு இருக்கு. கேட்டுல சோதனை போடுற அக்காகிட்ட இருக்கு. எங்க இன்ஸ்பெக்டர் விரல்லகூட..."

எல்லாக் கண்களும் இன்ஸ்பெக்டரின் விரலுக்குப் போயின.

"இது சனிப்பெயர்ச்சிக்குப் போட்டது!" என்றார் அவர், அவசரமாகக் கையைப் பின்னால் மறைத்து.

"இந்த வேலிக்குள்ள நான் பார்த்ததுல இரும்பில்லாதவங்க மூணே பேர். ஒண்ணு, நான். ரெண்டாவது, செத்துப்போன காசிராஜன். அவர் பேய் இல்லேன்னு கண்டுபிடிச்சு இன்னிக்குக் காலையிலதான் கழட்டினாரு. மூணாவது நீங்க. உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே பயமில்ல. ஏன்னா, பேயை உண்டாக்கினதே நீங்க!"

"சட்டத்தை மதிச்சு இரும்பு கொண்டுவராதது குத்தமா?" சண்முகவேல் சிரித்தார். "இதைப் போய்க் கோர்ட்ல சொல்லுங்க... ஜட்ஜ் சிரிச்சே செத்துருவாரு!"

"சரி. இன்னிக்கு ஆலையில என்ன வேலை?"

"திரி வெட்டு மட்டும்."

"மருந்து கலக்கிறது?"

"பத்து நாளா கிடையாது."

"அதான் இவங்க எல்லார் காலும் கறுப்பா இருக்கு. காசிராஜன் கால் மட்டும் அலுமினியப் பவுடர்ல மினுங்குது. பூட்டின ஷெட்டுக்குள்ள அவர் நடந்திருக்காரு. அவரைக் குத்தினவனும் நடந்திருப்பான். சட்டையை மாத்திக்கலாம். கையைக் கழுவிக்கலாம்..."

ஓவியா ஓரடி முன்னால் வைத்தாள்.

"காலைத் தூக்குங்க முதலாளி."





சண்முகவேல் காலைத் தூக்கவில்லை. மண்ணில் அழுத்தித் தேய்த்தார். தேய்த்த இடத்தில் மண் மேல்... வெள்ளி!

மறுகணம்!

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த உறை காணாமல் போயிருந்தது. ஷெட்டின் பக்கவாட்டில் பாய்ந்து, கருகல் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பலகையைக் காலால் உதைத்தார் சண்முகவேல். பலகை விழுந்தது. உள்ளே இருட்டு. கூரை வரை மூட்டைகள். கிழிந்த மூட்டைகளிலிருந்து வெள்ளிப் பொடி வழிந்து கிடந்தது. ஒரு மூலையில் சுருட்டி எறிந்த சட்டை. முழுக்க இரத்தம்!

உறையை உதறி, அந்தத் திறப்பின் கல்விளிம்பின் மேல் இரும்புக் கத்தியை ஓங்கினார்.

"கிட்ட வந்தா உரசிருவேன்! ஒரே உரசல்... எல்லாரும் சாம்பல்!"

பெண்கள் அலறினார்கள்.

"ரெண்டு வருசம்! சீல் வச்ச ஷெட்டு, தடை பண்ணின சரக்கு, ஒரு நாய் எட்டிப் பாக்கல! பேய்ன்னா போதும்... அம்புட்டுப் பேரும் ஒதுங்கிட்டாக! அந்தக் காசி கேடுகெட்டவன்... 'உங்க பேய்க்குப் பயந்து பொம்பளைங்க இரும்போட வர்றாளுக, இன்னொரு பொன்னுத்தங்கம் வேண்டாம், இன்னிக்கே திறந்து காட்டுறேன்'னு நின்னான்! எவ்வளவோ சொன்னேன்... கேக்கல!"

ஓவியாவின் கை தன்னையறியாமல் வயிற்றைப் பொத்தியது. மூன்று மாதம். இன்னும் அசையக்கூட ஆரம்பிக்காத உயிர்.

"கத்தியைக் கீழ வைங்க..."

"நகரு! நான் வெளிய போறவரைக்கும் எவனும் அசையக் கூடாது!"

கத்தி கல்லை நோக்கி இறங்கியது.

அப்போது...

கிளிங்.

அவர் முதுகுக்குப் பின்னால். இருட்டுக்குள்.

கிளிங்... கிளிங்...

சண்முகவேலின் கை அந்தரத்தில் நின்றது. மெல்ல... மெல்லத் தலையைத் திருப்பினார்.

"யா... யாரது?"

அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது.

அனுப்பிரியா பாய்ந்தாள்! சுவரோரம் தொங்கிய சிவப்பு வாளியைப் பிடுங்கி, அத்தனை மணலையும் அவர் முகத்தில் கொட்டினாள். கண்ணைப் பொத்திய கையை ஓவியா முறுக்கினாள். நழுவிய கத்தியைக் கைருன்னிசா தன் முக்காட்டை விரித்து, தரையைத் தொடுமுன் ஏந்திக்கொண்டாள்.

துணியில் விழுந்த இரும்பு சத்தமே போடவில்லை.

"நான் போர்மேன் சொன்னதைக் கேட்டிருக்கணும் மேடம்..." என்றாள் அனுப்பிரியா, மூச்சு வாங்க, செத்துக் கிடந்தவரைப் பார்த்து. "நல்ல மனுசன். எனக்காகத்தானே வைதாரு..."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே நினைச்சேன்."

"எதை சார்?" என்றார் ஏட்டு.

"நீ சும்மா இருய்யா!"

* * *

அனுப்பிரியாவை அச்சங்குளத்தில் இறக்கிவிட்டபோது மணி ஐந்தரை. வாசலுக்கு வருமுன்பே உள்ளிருந்து குழந்தையின் வீறல். அவள் ஓடினாள். ஓடின வேகத்தில் ஒரு செருப்பு தெருவிலேயே கிடந்தது. வீறல் நின்றது. ஒரு சின்ன, திருப்தியான விக்கல் கேட்டது.

ஓவியா அந்தச் செருப்பை எடுத்துப் படியோரம் வைத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினாள்.

பின் இருக்கையில் விலங்கு மாட்டிய சண்முகவேல், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில். கண்கள் இன்னும் சிவப்பாக.

"மேடம்... ஒண்ணு கேக்கலாமா? அந்த நேரத்துல வளையலை ஆட்டினது யாரு? உங்க ஆளா?"

ஓவியா திரும்பினாள்.

"விளையாடுறீங்களா? இருமல், மல்லிகைப்பூ, வளையல்... எல்லாம் நீங்க செஞ்ச வேலைதானே?"

"இருமினது மூட்டை சுமக்க வந்த ஆளு. மருந்து நெடி தாங்காம இருமினான். அதைக் கேட்டுத்தான் இவளுக பேய்ன்னாளுக. சரின்னு நான் பூ வாங்கிப் போட்டேன். அம்புட்டுதான். வளையல்..." அவர் தலையை அசைத்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். நான் இன்னிக்குத்தான் முதல்தடவையாக் கேட்டேன்."

டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.

"ஜன்னலை ஏத்தி விடவா மேடம்?"

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும்."

காட்டு வழி. இரண்டு பக்கமும் கருவேலம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பசித்தது. தயிர்சாதம் ஞாபகம் வந்தது. பைக்குள் கை விட்டாள்.

டப்பாவுக்கு அடியில்... மஞ்சள் துணி!

அத்தை!

இந்தப் பையோடுதானே மத்தியானம் முழுக்க ஷெட் ஷெட்டாகச் சுற்றினாள்! முப்பத்தொரு பெண்களைச் சோதனை போட்டவள்! 'மூணே பேர்' என்று விரல் மடக்கியவள்!

மூன்றில் ஒன்று கழிந்தது.

போன் அடித்தது. கணவன் பாலகுரு. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. பின்னால் மெஷின் தடதடத்தது.

"ஓவியா! ஏட்டு எல்லாத்தையும் சொன்னாரு. பேயைப் பிடிச்சிட்டியாமே! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சாப்பிட்டியா?"

"நல்லாருக்கேன். உங்க அம்மா செஞ்ச வேலை தெரியுமா? அந்தக் கத்தி என் பையிலதான் இருக்கு. இதோட அந்த ஆலைக்குள்ள..."

"அய்யய்யோ! சரி விடு, ஒண்ணும் ஆகலைல? பேயே இல்லேன்னு ஊருக்கு முன்னாடி நிரூபிச்சுட்ட. இனி அதை எதுக்குச் சுமக்கிறே? ரோட்டோரமா வீசிட்டு வா!"

ஓவியா கத்தியை வெளியே எடுத்தாள். ஜன்னல் பக்கம் கையைக் கொண்டு போனாள்.

கிளிங்...

மிக மெல்ல. ஜீப்புக்குப் பின்னாலா, காட்டுக்குள்ளா, தெரியவில்லை.

பின் இருக்கையில் சண்முகவேல் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மேடம்..." என்றார் கெஞ்சலாக, விலங்குக் கைகளை நீட்டி. "அந்தக் கத்தியை... நானும் ஒரு ஓரத்தைத் தொட்டுக்கிடவா?"

"உங்க கையில மாட்டியிருக்கிறதே இரும்புதான்யா. சும்மா வாங்க!"

"ஓவியா? லைன்ல இருக்கியா? வீசிட்டியா?" என்றான் பாலகுரு.

அவள் மர ஸ்கேலை எடுத்தாள். அலகை நிதானமாக அளந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"எட்டரை அங்குலம்ங்க! சட்டமே வச்சுக்கோன்னு விட்டுருச்சு... வீசச் சொல்ல நீங்க யாரு?"